பக்கத்துக்குப் பக்கம் பழுப்பு

சச்சா அந்த அறைக்குள் வர முடியாது. அதனால் பக்கங்கள் வெளியே போயின.

அஃப்ஷா மானிட்டரில் தோல் கம்பெனி வெப்சைட்டின் ஒரு பக்கத்தைத் திருத்துவாள். பிரிண்டரில் அடிப்பாள். கதவுத் திரைச்சீலைக்கு வெளியே கையை நீட்டுவாள். ஹாலில் உட்கார்ந்திருக்கும் இஷ்தியாக் அகமது சச்சா அதை வாங்கி வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோவார். சட்டைப் பையிலிருந்து தோல் துண்டு ஒன்றை எடுத்துத் தாளின் மேல் வைத்துப் பார்ப்பார். தோலின் நிறத்தை வடக்கு வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது ஆம்பூரில் எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ள வழக்கம். கையில் பிடிக்க முடியாத நிறத்தைச் சச்சா நம்பியதில்லை.

"பச்சை அடிக்குது, பேட்டி. இன்னும் கொஞ்சம் செவப்பு போடு."

பேட்டி என்றால் மகள்; சச்சா அவளை அப்படித்தான் கூப்பிடுவார். அவள் சிவப்பைக் கூட்டுவாள். அடுத்த தாள் வெளியே போகும்.

அப்பா ரஷீத் அகமது இறந்தது ரம்ஜானுக்கு முந்தின மாதம். அப்பாவின் தம்பிதான் இந்தச் சச்சா. அம்மா ஜஹீருன்னிசா, பிள்ளைகளுக்கு அம்மி, இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல். கணவனின் தம்பியும் அந்தக் கணக்கில் அந்நியர்தான். இருப்பதற்கு அவள் அப்பாவின் அறையைத்தான் கேட்டாள். கம்ப்யூட்டரும் டெலிபோன் இணைப்பும் அந்த அறையில்தான் இருந்தன.

"மெஷினை ஹாலுக்கு மாத்திடட்டுமா அம்மி?" என்று ஷாஹித் கேட்டான். அவன் அஃப்ஷாவின் அண்ணன். அப்பாவுக்குப் பிறகு கம்பெனியைச் சச்சாவோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கட்டும். அவ தட்டுற சத்தமாவது காதுல விழட்டும்."

அதனால் மெஷின் இருந்தது. அஃப்ஷாவும் இருந்தாள்.

கம்பெனியின் வெப்சைட்டை அவள்தான் செய்திருந்தாள். பி.சி.ஏ. முடித்த வருடம். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு பக்கம் என்று ஐம்பதுக்கு மேல் பக்கங்கள். வீட்டுக்குள்ளிருந்து செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று அப்பா சொன்னார். கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் மட்டும் அறுநூறு பெண்கள் வேலை செய்தார்கள். அந்த வீட்டுப் பெண் ஒருத்தியும் அங்கே போனதில்லை. அப்பா ஜெர்மனியிலிருந்து வரும் மெயில்களை அவளிடம் காட்டுவார். 'உன் பக்கத்தைப் பார்த்திருக்கான்' என்பார். அந்த வேலை ஒன்றுதான் அவளுடையது என்று சொல்லும்படி அவளிடம் இருந்தது.

பக்கங்களுக்கு நிறம் கொடுக்க மூன்று வழி உண்டு என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கக் கட்டளையான டேகுக்குள்ளேயே நிறத்தை எழுதிவிடலாம். அது இன்லைன். பக்கத்தின் தலையில் ஒரே இடத்தில் எழுதி அந்தப் பக்கம் முழுக்கச் செல்லும்படி வைக்கலாம். அது இன்டெர்னல். இல்லாவிட்டால் தனியாக ஒரு ஃபைல். எல்லாப் பக்கமும் அந்த ஒரு ஃபைலைக் கேட்டு நடக்கும். அது எக்ஸ்டெர்னல். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் பாதியிலேயே கையைத் தூக்கினார்.

"புரிஞ்சிடுச்சு. கடைசியா சொன்னது டிரம்மு. முழு லாட் தோலையும் ஒரே டிரம்ல போட்டுச் சுத்தினா ஒரே கலர். முதல்ல சொன்னது கையில ஸ்ப்ரே அடிக்கிறது. காலையில ஒரு கலர் வரும், சாப்பிட்டு வந்தா இன்னொரு கலர் வரும். எனக்கு டிரம்மே போடு."

அவள் எக்ஸ்டெர்னல் போட்டாள். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே பழுப்பு. இரண்டு வருடம் அப்படியே இருந்தது.

சச்சாவுக்கு அது பிடிக்கவில்லை. மார்ச்சில் ஜெர்மனியில் கண்காட்சி. அதற்குள் ஒவ்வொரு பக்கமும் அந்தந்தத் தோலின் நிறத்தில் இருக்க வேண்டும் என்றார். டேன் என்னும் இளம்பழுப்புத் தோல் விற்கிற பக்கம் டேன். காக்னாக் என்னும் செம்பழுப்பு விற்கிற பக்கம் காக்னாக். அதற்கு இன்டெர்னல் போதும். பக்கத்தின் தலையில் ஒரு வரி. அஃப்ஷாவுக்கு அது தெரியும். ஆனால் தாள் திரும்பி வரும்போது அதில் பென்சில் குறி ஒரு பத்தியின் பக்கத்தில் இருந்தது. அந்தப் பத்தியின் டேகைத் திறந்து உள்ளேயே எழுதினாள். அடுத்த குறி தலைப்பில் இருந்தது. தலைப்பின் டேகுக்குள் எழுதினாள். யோசிக்க வேண்டியதில்லை. குறி எங்கே இருக்கிறதோ அங்கே எழுதினால் போதும். அந்த மாதங்களில் அவளுக்கு அப்படிப்பட்ட வேலைதான் முடிந்தது. சாப்பாட்டைத் தட்டில் போட்டால் சாப்பிட்டாள். யாராவது அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வராததைப் பற்றியும் ஒன்றும் தோன்றவில்லை.

பிரிண்டரில் சிவப்பு மை தீர்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் தாளில் பச்சை அடித்தது. மானிட்டரில் டேன் டேனாகவே இருந்தது. ஒரு தடவை சொன்னாள்.

"சச்சா, பிரிண்டர்ல மை கம்மி. ஸ்கிரீன்ல சரியா இருக்கு."

"மை மேல பழி போடாதே, பேட்டி. நான் முப்பது வருஷமா கலர் பாக்குறேன்."

அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. தாளில் டேன் வருகிறவரை சிவப்பைக் கூட்டினாள். மானிட்டரில் பக்கங்கள் ஒவ்வொன்றாகச் செங்கல் நிறத்துக்குப் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து சச்சாவும் ஷாஹிதும் ஹாலில் சாப்பிட்டார்கள். திரைச்சீலை வழியாகப் பேச்சு கேட்டது.

"இத்தா முடிஞ்சதும் மெஷினை ஆபீசுக்குத் தூக்கிடலாம்" என்றார் சச்சா. "வேலூர்ல யாராவது பையனைப் புடி. மாசத்துக்கு ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"அஃப்ஷாதான் பாக்குறாளே சச்சா."

"எத்தினி நாளைக்கு? வாணியம்பாடிக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. நாளைக்குக் கல்யாணம் பண்ணிப் போனா, கலர் மாத்த அவ மாமியார் வீட்டு வாசல்ல போய் நிக்கவா சொல்ற?"

ஷாஹித் சிரித்தான். "அதுவும் சரிதான்."

அம்மி தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். அஃப்ஷா மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்திரம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆனால் அன்று மத்தியானம் சச்சா குறி போடாத பத்திகளுக்குள்ளும் நிறத்தை எழுதினாள்.

அதற்குப் பிறகு அவள் செய்தது தெரிந்தே செய்தது. ஒரு பக்கத்தில் ஒரே நிற எண்ணை எல்லா டேகிலும் எழுதியிருந்தால், தேடி மாற்று என்று ஒரு கட்டளை கொடுத்து யாரும் ஒரே அடியில் எடுத்துவிடலாம். அதனால் பத்திக்குப் பத்தி எண்ணைக் கொஞ்சம் மாற்றினாள். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். பட்டியல்களுக்குள், படங்களின் ஓரத்துக்குள், காற்புள்ளி மாதிரிச் சின்ன இடங்களுக்குள்ளும் எழுதினாள். வெளியே இருக்கும் ஃபைல் என்ன சொன்னாலும் டேகுக்குள் இருப்பதுதான் செல்லும். அப்பாவின் பழுப்பு அந்த ஃபைலில் அப்படியே இருந்தது. அதை எந்த வரியும் கேட்கவில்லை. பக்கங்களுக்குள் எது எங்கே இருக்கிறது என்று இப்போது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜனவரியில் ஷாஹித் ஒருவனைக் கூட்டிவந்தான். ஜோனதன் என்று பெயர். சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு வெப் டிசைன் கடை வைத்திருந்தான். அவனும் உள்ளே வர முடியாது. ஷாஹித் எல்லாப் பக்கத்தையும் சி.டி.யில் போட்டுக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தான். அவன் ஹாலில் உட்கார்ந்து தன் லேப்டாப்பில் திறந்தான். டீ போயிற்று. பிஸ்கட் போயிற்று. அவன் பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தான்.

"இன்னா பாய் இது" என்றான் கடைசியில்.

"இன்னா ஆச்சு?"

"ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா சட்டை போட்டு விட்டிருக்காங்க. இதுல நான் ஒரு கலர் மாத்தணும்னா நூறு எடத்துல கைவைக்கணும். பக்கத்துக்கு நூறு. பேஜாரு புடிச்ச வேலை பாய்."

"முடியுமா, முடியாதா?"

"முடியும். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா கட்டணும். கண்காட்சிக்குள்ள ஆகாது." திரைச்சீலைப் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் இறக்கினான். "மேடம், நீங்க எழுதினதா?"

"ஆமா."

"வெளிய ஒரு ஷீட்டு ஃபைல் இருக்கு. நல்லா எழுதியிருக்கு, சுத்தமா. அதை ஒரு வரிகூடக் கேக்கலையே?"

"உள்ள இருக்கறதுதானே செல்லும்."

"அது தெரியும் மேடம்." அவன் இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தான். "தெரியாதவங்க எழுதின மாதிரி இல்லை. அதான் கேட்டேன்."

அவன் லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டது.

"வர்றேன் பாய். இப்போதைக்கு இவங்களே பாக்கட்டும். வேற யாரு கைவெச்சாலும் ஜாஸ்தி ஆபத்து."

அவன் போனதும் சச்சா சொன்னார், "அப்ப விடு. கல்யாணப் பேச்சை அடுத்த ரம்ஜான் வரைக்கும் தள்ளிப் போட்டுக்கலாம். மெஷினும் இங்கேயே இருக்கட்டும். நான் தாள் பாத்துக்கறேன்." பிறகு உள்ளே கேட்கும்படி உரக்க, "பேட்டி! காக்னாக் இன்னும் வரலையே!"

அஃப்ஷா காக்னாக் பக்கத்தை அடித்தாள். கையை நீட்டினாள். வேலை அவளிடமே இருந்தது. அவள் நினைத்தபடியே ஆயிற்று. தாள் போயிற்று, தாள் வந்தது. "இன்னும் செவப்பு." மறுபடி போயிற்று.

அம்மி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். உன் இத்தா எப்ப முடியும்?"

"இன்னா அம்மி பேச்சு இது?"

"நான் வெளியே போய்டுவேன். சமையல்கட்டுக்குப் போவேன், உங்க காலா, என் தங்கச்சி வீட்டுக்குப் போவேன். நீ இந்த ரூம்லயே இருந்து கையை நீட்டிக்கிட்டு இருப்பியான்னு கேட்டேன்." பூண்டுத் தோலை ஊதினாள். "உன்னைச் சுத்தி நல்லாத்தான் கட்டிக்கிட்ட."

அம்மிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அந்த அறையில் மகள் தட்டுவதை மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜோனதன் பேசியதையும் கேட்டிருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் தாள்கள் போய் வந்தன. அவள் சிவப்பைக் கூட்டினாள். ஒரு நாள் காலையில் டேன் பக்கத்தைத் திறந்தாள். தன் விரல் எந்த வரிக்குப் போக வேண்டும் என்று தானாகவே தெரிந்திருப்பதைப் பார்த்தாள். இன்னும் பத்து வருடம் கழித்தும் தெரிந்திருக்கும். கல்யாணம் ஆனாலும் தாள் வந்துகொண்டுதான் இருக்கும். வேறொரு திரைச்சீலை, வேறொரு ஹால்.

தோல் வாங்கும் ஜெர்மன்காரரின் மெயிலை ஷாஹித்தான் முதலில் பார்த்தான். அறைக்குள் வந்து, அம்மியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டான்.

"தோலை மாத்திட்டீங்களான்னு கேக்குறான். போன வருஷம் வாங்கினது பிரவுனு, இப்ப வெப்சைட்ல செங்கல்லு மாதிரி இருக்குன்றான். பதில் வந்தப்புறம்தான் கண்காட்சியில நம்ம ஸ்டாலுக்கு வருவானாம்." அவளைப் பார்த்தான். "செவப்பா இருக்கா?"

"இருக்கு."

"நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"சச்சா தாள்ல பாத்தார். நான் ஸ்கிரீன்ல பாத்தேன். ஒரு வாட்டி சொன்னேன்."

"ஒரு வாட்டி!" என்றான் ஷாஹித். ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது? சரி, விடு. இப்ப இன்னா பண்றது? அப்பா காலத்துல இருந்த மாதிரி ஆக்க முடியுமா? அந்தப் பையன் ஆகாதுன்னு சொல்லிட்டான்."

இரண்டு பதில் இருந்தது. முடியும், ஆனால் நான் ஒவ்வொரு பக்கமாகப் போய் ஒவ்வொரு நிறமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். அப்படிச் செய்தால் அடுத்த கண்காட்சிக்கும் அவள்தான், அதற்கு அடுத்ததற்கும் அவள்தான். இல்லாவிட்டால் உள்ளே எழுதியதையெல்லாம் எடுத்துவிடலாம். எடுத்தால் பக்கங்கள் வெளியே இருக்கும் ஃபைலைக் கேட்கும். அதற்குப் பிறகு நிறம் மாற்ற அவள் வேண்டாம். யாரும் வேண்டாம்.

"முடியும்" என்றாள். "நீங்க எதுவும் பண்ண வேணாம். தாள் மட்டும் வேணாம்னு சச்சாகிட்டச் சொல்லுங்க."

"நானா?"

"ஆமா பாய்ஜான். நீங்கதான்."

எடுக்கும் வேலை எழுதிய வேலையைவிட நீளமாக இருந்தது. ஒவ்வொரு எண்ணும் வேறு என்பதால் ஒரே கட்டளையில் போகவில்லை. அவளே அப்படிச் செய்திருந்தாள். பக்கத்தை நோட்பேடில் திறந்து, வரி வரியாகப் படித்து, டேகுக்குள் இருந்ததை அழித்தாள். காலையில் உட்கார்ந்தால் மத்தியான லுஹர் தொழுகைக்குத்தான் எழுந்தாள். காற்புள்ளி மாதிரிச் சின்ன இடங்களில் ஒளித்துவைத்ததையெல்லாம் தானே தேடி எடுத்தாள். ஒரு பக்கம் முடிந்து திறந்து பார்த்தால் அப்பாவின் பழுப்பு வந்து நிற்கும். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். அடுத்த பக்கத்தைத் திறப்பாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வருத்தம் என்றும் சொல்ல முடியாது. கை வலித்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

எல்லாம் ஏற்றியானதும் ஷாஹிதைக் கூப்பிட்டாள். நாற்காலியிலிருந்து எழுந்து அவனை உட்காரச் சொன்னாள்.

"இந்த ஃபைலைத் திறங்க. இந்த வரி. இந்த ஆறு எழுத்துதான் கலர். மாத்திட்டு சேவ் பண்ணுங்க."

அவன் ஒற்றை விரலால் தட்டினான். சேவ் செய்தான். டேன் பக்கத்தைத் திறந்தான். நீலம். காக்னாக் பக்கத்தைத் திறந்தான். நீலம்.

"அட! எல்லாமேவா?"

"எல்லாமே."

அவன் மறுபடி மாற்றினான். பச்சை. மறுபடி. மஞ்சள். தொழிற்சாலையில் அறுநூறு பேருக்கு மேல் வணக்கம் சொல்லும் ஆள், சின்னப்பிள்ளை மாதிரி நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினான். "சச்சா! ஒரு வரிதான் சச்சா! தட்டினா அத்தனையும் மாறுது! ஜோனதனும் வேணாம், ஒருத்தனும் வேணாம். நானே பாத்துக்குவேன்!"

சச்சா திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அவருடைய செருப்பு தெரிந்தது.

"இவ்வளவு சுலபமா?" என்றார். "அப்ப இத்தினி மாசமா இவ உள்ள உக்காந்து இன்னாதான் பண்ணிக்கிட்டு இருந்தா?"

அம்மி தஸ்பீஹை உருட்டினாள். அஃப்ஷா சொன்னாள்.

"நீங்க சொன்ன கலரைப் போட்டுக்கிட்டிருந்தேன் சச்சா."

அவர் இருமினார். "சரி சரி. கண்காட்சிக்குள்ள ஆச்சே, அது போதும். இனிமே நீ ரெஸ்ட் எடு, பேட்டி. ஷாஹித் பாத்துக்குவான்."

"ஆமா" என்றாள்.

ஷாஹித் நாற்காலியை விட்டு எழுகிற மாதிரி இல்லை. அவள் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு திரைச்சீலையை விலக்கினாள். சச்சா நகர்ந்து வழிவிட்டார். ஹாலில் வெயில் இருந்தது. அவள் அந்த நேரத்தில் ஹாலைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"எங்க போற?" என்று அம்மி உள்ளிருந்து கேட்டாள்.

"மாடிக்கு."

"அங்க இன்னா வேலை?"

"ஒண்ணும் இல்லை."

பாதிப் படி ஏறியபோது ஷாஹித் கத்தினான்.

"அஃப்ஷா! இங்க வா! கலரெல்லாம் போய்டுச்சு! எல்லாப் பக்கமும் வெள்ளையா இருக்கு!"

அவள் நின்றாள். அவன் இன்னது செய்திருப்பான் என்று இங்கிருந்தே தெரிந்தது. நிறத்தை மாற்றும்போது பக்கத்திலிருந்த அடைப்புக்குறியையும் சேர்த்து அழித்திருப்பான். ஒரே ஃபைல் என்றால் அப்படித்தான். தப்பும் எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றாகப் போகும்.

"அடைப்புக்குறி ஒண்ணை அழிச்சிருப்பீங்க. போடுங்க" என்றாள்.

"எங்க போடணும்?"

"அங்கதான் இருக்கும். பாருங்க."

"எனக்குத் தெரியலையே! நீ வந்து பாரேன்!"

சச்சா கீழிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கீழே ஷாஹித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"பாருங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.